பவளத் தொட்டியில் ஒரு திருடன்... பட்ஜெட்டுக்குள் ஒரு லென்ஸ்!

"ஏங்க, அந்தப் பச்சைப் பூவெல்லாம் குறையுற மாதிரி இல்ல?"

காலை காபி டம்ளரோடு மீன் தொட்டி முன்னால் நின்றுகொண்டு மனைவி கேட்டபோது, நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இப்பதானே லைட் போட்டிருக்கு. விரியும்" என்றேன். மதியம் வரை விரியவில்லை. மறுநாளும் விரியவில்லை. அந்த வாரக் கடைசியில் எண்ணிப் பார்த்தால், நாற்பது இருந்த இடத்தில் முப்பதுதான் இருந்தன.

சென்னையில் எங்கள் வீட்டு ஹாலில் இருப்பது இரண்டடி நீளமுள்ள கடல் நீர்த் தொட்டி. கொளத்தூரில் ஒரு ஜோடி தங்கமீன் வாங்கப் போன மகள், ஒரு கடையில் கோமாளி மீனைப் பார்த்துவிட்டு வந்ததில் தொடங்கிய கதை அது. இன்று அந்தத் தொட்டியில் இரண்டு கோமாளி மீன்கள், ஓர் இறால், பாறைமீது ஜோவாந்தஸ் எனப்படும் மென்மையான பாலிப் கூட்டம். சட்டைப் பித்தான் அளவில், பச்சையும் ஆரஞ்சுமாக விரியும் அவற்றைத்தான் மனைவி 'பூ' என்பார். பூ அல்ல, ஒவ்வொன்றும் ஓர் உயிர்.

உப்பின் அளவைச் சோதித்தோம். சரி. நைட்ரேட் பார்த்தோம். சரி. வெப்பநிலையும் சரி. தண்ணீரில் குறையில்லை என்றால் யார் தின்கிறார்கள்? செல்போனில் ஜூம் செய்து எடுத்த படத்தில் நீல நிறச் சேறு மாதிரி ஏதோ வந்தது. பல வருடங்களாகக் கடல் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் கேட்டேன். "சார், மருந்தைத் தேடாதீங்க. முதல்ல நல்லா ஒரு மேக்ரோ போட்டோ எடுத்துப் பெரிசாக்கிப் பாருங்க. கண்ணுக்குத் தெரியாதது அதுல தெரியும்" என்றார்.

பீரோவில் பழைய டி.எஸ்.எல்.ஆர் கேமரா இருந்தது. மகள் சின்னவளாக இருந்தபோது வாங்கியது. கூடவே இரண்டு லென்ஸ்: 18-55 ஒன்று, 55-250 ஒன்று. இல்லாதது மேக்ரோ லென்ஸ். விலையைப் பார்த்தேன். பெயர் பெற்ற 100 மி.மீ. மேக்ரோ புதிதாக வாங்கினால் முப்பது, நாற்பது ஆயிரத்தைத் தொடும். "நாற்பது பூவுக்கு நாற்பதாயிரமா?" என்று கேட்ட நிதியமைச்சரிடம் என்னிடம் பதில் இல்லை. அடுத்த மாதம் மகளின் கல்லூரிக் கட்டணம் வேறு. குறைந்த செலவில் என்ன செய்யலாம் என்று தேடினேன். அந்த இரண்டு மாதத் தேடலில் கற்றதுதான் இந்தக் கட்டுரை.

மேக்ரோ என்றால் என்ன?

லென்ஸில் '1:1' என்று எழுதியிருந்தால், பொருளின் உண்மையான அளவே கேமராவின் சென்சாரிலும் விழும் என்று அர்த்தம். நம்மில் பலரிடம் இருக்கும் சாதாரண டி.எஸ்.எல்.ஆர் கேமராவின் சென்சார் ஏறத்தாழ 23 மி.மீ. அகலமும் 15 மி.மீ. உயரமும் கொண்டது. அதில் 1:1 அளவில் ஒரு ரூபாய் நாணயத்தைப் படம் பிடித்தால், அகலத்தை அது கிட்டத்தட்ட அடைத்துக்கொள்ளும். தலையும் காலும் வெட்டுப்படும். ஒரு சென்டிமீட்டர் பாலிப் பாதித் திரையை நிரப்பும். அதன் மேல் ஊரும் பூச்சியின் கால்கூடத் தெரியும்.

ஆனால், எல்லாவற்றுக்கும் 1:1 தேவையில்லை. கோமாளி மீன் முழுதாகப் படத்தில் வர, அதன் உண்மை அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான உருவமே போதும். பாலிப், இறாலின் கண், பூச்சி, முட்டை போன்றவற்றுக்குத்தான் முழு மேக்ரோ வேண்டும். நமக்கு எது வேண்டும் என்று முதலிலேயே தெளிவாகிவிட்டால் பாதிச் செலவு குறையும்.

முதலில் எடுங்கள் ஸ்கேலை!

விலை மலிவாக இருக்கிறதே என்று 40 மி.மீ. மேக்ரோ ஒன்றை வாங்க நான் கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டேன். தடுத்தது நண்பர்தான். "உங்க பாறை கண்ணாடியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் தள்ளி இருக்கு, அளந்தீங்களா?" என்றார். அளந்தேன். 20 செ.மீ.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பூவையோ வண்ணத்துப்பூச்சியையோ எடுக்கும்போது லென்ஸை எவ்வளவு கிட்டே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். தொட்டியில் அது முடியாது. குறுக்கே கண்ணாடி நிற்கிறது. ஆகவே, லென்ஸின் முன்பக்கத்திலிருந்து பொருள் வரை எவ்வளவு இடைவெளி கிடைக்கிறது என்பதே முதல் கேள்வி. கடைக்காரர்கள் சொல்லும் 'குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம்' இது அல்ல. அது கேமராவுக்குள் இருக்கும் சென்சாரிலிருந்து அளப்பது. அதில் லென்ஸின் நீளமும் அடங்கிவிடும். 31 செ.மீ. என்று எழுதியிருக்கும் 100 மி.மீ. லென்ஸில் உண்மையில் முன்னால் கிடைப்பது 15 செ.மீ.தான்.

1:1 அளவில் எடுக்கும்போது முன்னால் கிடைக்கும் இடைவெளி இப்படி இருக்கும்: 30 முதல் 40 மி.மீ. மேக்ரோக்களில் சுமார் 2 முதல் 4 செ.மீ, 60 மி.மீ. மேக்ரோவில் சுமார் 9 செ.மீ, 90 முதல் 105 மி.மீ. வரை உள்ளவற்றில் சுமார் 10 முதல் 15 செ.மீ.

நல்ல செய்தியும் உண்டு. கிணற்றின் அடி மேலே எழும்பி வந்ததுபோலத் தெரியுமே, அதே ஒளிவிலகல் இங்கே நமக்கு உதவுகிறது. தண்ணீருக்குள் 20 செ.மீ. தள்ளி இருக்கும் பொருள், நேராகப் பார்க்கும் லென்ஸுக்கு 15 செ.மீ.யில் இருப்பதாகவே தெரியும். அதாவது முக்கால் பங்கு. எனவே, பாறைக்கும் கண்ணாடிக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலில் அளந்து, முக்காலால் பெருக்குங்கள். கிடைக்கும் எண்ணைவிடக் குறைவான இடைவெளி தரும் லென்ஸ், அந்தப் பாறையை முழு மேக்ரோவில் காட்டாது.

என் கணக்கில் 15 செ.மீ. வந்தது. நான் வாங்க இருந்த 40 மி.மீ. லென்ஸ், கண்ணாடியை ஒட்டியிருக்கும் நாலைந்து சென்டிமீட்டரில் மட்டும்தான் முழு மேக்ரோ தந்திருக்கும். அங்கே எங்களுக்கு இருப்பது மணல் மட்டுமே!

சிக்கனத்தின் மூன்று படிகள்

முதல் படி, எக்ஸ்டென்ஷன் டியூப். இது கண்ணாடியே இல்லாத வெறும் குழாய். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டினால், லென்ஸ் கிட்டே போய் ஃபோகஸ் செய்யும். கணக்கு எளிது. குழாயின் நீளத்தை லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுத்தால், எவ்வளவு உருப்பெருக்கம் கூடும் என்பது தெரியும். 50 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. குழாய் என்றால் அரைப் பங்கு கூடும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் குழாய்களில் மின் இணைப்பு இருக்காது. அவற்றைக் கேனான் கேமராவில் மாட்டினால் அபெர்ச்சர் முழுதும் திறந்தபடி நிற்கும். வளையமில்லாத புது நிக்கான் லென்ஸ்களில் முழுதும் மூடிக்கொள்ளும். இணைப்புள்ள குழாய்க்கு இன்னும் ஓரிரு ஆயிரம் ஆகும். ஆனால், உருப்பெருக்கம் கூடக் கூட முன்னால் இடைவெளி சுருங்கிவிடும். பாறை கண்ணாடியை ஒட்டி இருப்பவர்களுக்கு மட்டுமே இது நல்ல வழி.

இரண்டாம் படிதான் என்னை ஆச்சரியப்படுத்தியது. வீட்டில் சும்மா கிடக்கும் 55-250 ஜூமின் முன்னால் கவ்விக்கொள்ளும் நல்ல தரமான குளோஸ் அப் லென்ஸ். ரேனாக்ஸ் டி.சி.ஆர்-150 என்பது பலரும் பயன்படுத்துவது. அதன் திறன் 4.8 டயாப்டர். அப்படியென்றால், ஜூம் லென்ஸ் எந்த மி.மீ.யில் இருந்தாலும், தொலைவுக்கு ஃபோகஸ் வைத்தால் முன்னால் சுமார் 20 செ.மீ. இடைவெளி கிடைக்கும். 200 மி.மீ.க்கு ஜூம் செய்தால் ஏறக்குறைய 1:1. தண்ணீருக்குள் கணக்கிட்டால் 26 செ.மீ. ஆழம் வரை எட்டும்! இதன் அண்ணன் டி.சி.ஆர்-250 இன்னும் பெரிதாக்கும். ஆனால் இடைவெளி 12 செ.மீ. ஆகிவிடும். பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம், தொட்டிக்கு 150தான் வசதி. ஓரங்களில் கொஞ்சம் கூர்மை குறையும். நடுவில் அருமை. நிதியமைச்சரின் ஒப்புதல் ஒரே நாளில் கிடைத்தது.

மூன்றாம் படி, செகண்ட் ஹேண்டில் ஒரு நிஜ மேக்ரோ. அதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் திருடனைப் பிடித்துவிடலாம்.

அந்த ராத்திரி...

பார்சல் வந்த அன்றே ராத்திரி பத்து மணிக்கு, டிரைபாடை ஸ்டூலுக்குப் பக்கத்தில் நிறுத்தி மகளும் நானும் உட்கார்ந்தோம். மூடிக்கிடந்த பாலிப்களை வரிசையாக எடுத்து, கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கினோம். பதினோராவது படத்தில் மகள் கத்தினாள். "அப்பா, இந்தப் பூவுக்குக் கண்ணு இருக்குப்பா!"

பாலிப்பின் தண்டோடு ஒட்டிக்கொண்டு, அதே பச்சை நிறத்தில், அதே மாதிரிக் குஞ்சங்களோடு ஒரு குட்டி உயிரி. ஜோவாந்தஸைத் தின்னும் கடல் நத்தை வகை. ஓடு கிடையாது. தான் தின்னும் பாலிப்பின் நிறத்தையே தன் உடம்பில் ஏற்றிக்கொள்வதால், வெறும் கண்ணால் பார்த்தால் அதுவும் ஒரு பாலிப்பாகத்தான் தெரியும். பக்கத்திலேயே சுருள் சுருளாக முட்டைகளும் இருந்தன. பத்து பூக்கள் போன இடம் தெரிந்தது.

மறுநாள் அந்தப் பாறைத் துண்டை வெளியே எடுத்து, நண்பர் சொன்னபடி மருந்துக் கரைசலில் முக்கி, இடுக்கியால் நத்தைகளைப் பொறுக்கினோம். மருந்துக்கு முட்டைகள் சாகாது. அவற்றைச் சுரண்டி எடுத்ததோடு, வாரம் ஒரு முறை திரும்பத் திரும்பச் செய்தோம். ஒவ்வொரு முறையும் படம் எடுத்து, புது முட்டை இருக்கிறதா என்று பார்ப்பது மகளின் வேலை. நாலாவது வாரத்தில் படங்கள் சுத்தமாக இருந்தன.

ஓர் எச்சரிக்கை. இந்த இனப் பாலிப்கள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய விஷம் உண்டு. கையுறையும் கண் கண்ணாடியும் இல்லாமல் தொடக்கூடாது. பாறையை வெந்நீரில் போடுவதோ கொதிக்க வைப்பதோ கூடவே கூடாது. அந்த ஆவியே ஆபத்து. குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

பழைய லென்ஸ் வாங்கும்போது...

திருடனைப் பிடித்த பிறகு மகளுக்கு ஆசை வளர்ந்தது. ஓரம் வரை கூர்மையாக வேண்டும் என்றாள். கட்டணம் கட்டி முடித்த மாதத்தில் பழைய மேக்ரோ தேட ஆரம்பித்தோம்.

முதல் முயற்சியில் அடி வாங்கினேன். ஆன்லைன் விளம்பரத்தில் பளபளவென்று இருந்த லென்ஸுக்கு ஆயிரம் ரூபாய் அட்வான்ஸ் அனுப்பிவிட்டு நேரில் போனேன். மகள் செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் பிடித்து, மறுபக்கம் வழியாகப் பார்த்தாள். உள்ளே சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சை. "சென்னை கிளைமேட்டுக்கு அப்படித்தான் சார் இருக்கும்" என்றார் விற்றவர். அட்வான்ஸ் திரும்பி வரவில்லை. லென்ஸை வாங்காமல் வந்ததே லாபம் என்று தேற்றிக்கொண்டோம்.

நீங்கள் வாங்கப்போனால் கவனிக்க வேண்டியவை இவை.

டார்ச் இல்லாமல் போகாதீர்கள். கொஞ்சம் தூசி இருந்தால் கவலையில்லை. வலை போன்ற கோடுகளும், பனி படிந்ததுபோன்ற மங்கலும் இருந்தால் வேண்டாம்.

அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கக்கூடாது. கேமராவில் மாட்டி எஃப்/11-ல் வைத்து, அபெர்ச்சரைக் காட்டும் பட்டனை அழுத்திப் பாருங்கள். இதழ்கள் சட்டென்று மூட வேண்டும்.

ஃபோகஸ் செய்யும்போது லென்ஸ் நீளுகிறதா என்று பாருங்கள். முன்பக்கம் நீளும் லென்ஸ் கண்ணாடியில் இடிக்கும். உள்ளுக்குள்ளேயே ஃபோகஸ் செய்யும் வகை தொட்டிக்கு வசதி. 2000-ல் வந்த கேனான் 100 மி.மீ. யு.எஸ்.எம், 2006-ல் வந்த நிக்கான் 105 மி.மீ. வி.ஆர் இரண்டும் இந்த வகை.

கை நடுக்கத்தைத் தடுக்கும் வசதிக்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. முழு மேக்ரோவில் அதன் பலன் குறைந்துவிடும். டிரைபாடில் வைத்து எடுப்பவருக்கு அது தேவையே இல்லை.

நிக்கானின் 3000, 5000 வரிசைக் கேமரா வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். உள்ளே மோட்டார் இல்லாத பழைய லென்ஸ்கள் அதில் ஆட்டோ ஃபோகஸ் ஆகாது. ஆனால் பயப்பட வேண்டாம். மேக்ரோவில் கையால் ஃபோகஸ் செய்வதுதான் எப்படியும் சரியாக வரும். இந்தக் காரணத்தாலேயே மலிவாகக் கிடைக்கும் பழைய லென்ஸ் நமக்கு லாபம்.

நாங்கள் கடைசியில் வாங்கியது, அந்தக் கேனான் 100 மி.மீ. லென்ஸ்தான். பேரம் பேசி 16 ஆயிரம். முன்னால் கிடைக்கும் 15 செ.மீ.யும் எங்கள் பாறையின் 20 செ.மீ.யும் அளவெடுத்துத் தைத்தமாதிரிப் பொருந்தின. இப்போது அது காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பைகளோடு தூங்குகிறது. பூஞ்சைக்கு இடமில்லை.

லென்ஸைவிட முக்கியமானவை

16 ஆயிரம் ரூபாய் லென்ஸில் எடுத்த முதல் பத்துப் படங்களும் வீண். தவறு எங்களுடையது.

கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். லென்ஸ் கண்ணாடிக்கு நேர் எதிரே, செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்த்து எடுத்தால் படம் குழம்பி, ஓரங்களில் வண்ணக் கோடுகள் விழும். ஹால் விளக்கை அணைத்துவிட்டு, ரப்பர் ஹூடைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் வைத்தால் பிரதிபலிப்பு வராது.

1:1 அளவில், எஃப்/8 வைத்தாலும் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆகவே லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்யுங்கள். எஃப்/8 முதல் எஃப்/11 வரை போதும். பட்டனை அழுத்தும்போது கேமரா அசையாமல் இருக்க இரண்டு செகண்ட் டைமர் வையுங்கள்.

பவளத் தொட்டிகளின் நீல எல்.இ.டி. வெளிச்சம் கேமராவைக் குழப்பும். படம் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் வெள்ளை விளக்கைக் கூட்டி, நீலத்தைக் குறையுங்கள். ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டைத் தொட்டிக்குள் பிடித்து, அதை வைத்து ஒயிட் பேலன்ஸ் செய்யுங்கள். 'ரா' முறையில் எடுத்தால் பின்னால் திருத்திக்கொள்ளலாம். நீல வெளிச்சத்தில் மின்னும் நிறங்களே வேண்டுமென்றால், லென்ஸ் முன்னால் ஆரஞ்சு நிற ஃபில்டர் பிடித்தால் அழகாக வரும்.

அலை உண்டாக்கும் மோட்டார் ஓடும்போது பாலிப் ஆடிக்கொண்டே இருக்கும். அதைப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு எடுங்கள். நிறுத்துவதற்கு முன் செல்போனில் அலாரம் வையுங்கள்! ஒரு நாள் படம் எடுத்த சந்தோஷத்தில் சுவிட்சைப் போட மறந்து தூங்கிவிட்டேன். விடியற்காலையில் தண்ணீர் குடிக்க எழுந்த மனைவி பார்த்திருக்கிறார். இரண்டு மீன்களும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சுவிட்சைப் போட்டு, காலை வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அன்று எனக்குக் காபி தாமதமாகத்தான் வந்தது.

ஆசைக்கும் ஓர் எல்லை

படங்கள் நன்றாக வரத் தொடங்கியதும் அடுத்த ஆசை வரும். வெளிநாட்டுப் படங்களில் பார்க்கிற மாதிரிக் கிளை கிளையான கல் பவளங்கள் நம் தொட்டியிலும் இருந்தால்? வேண்டாம். பாறைத்திட்டுகளைக் கட்டும் கல் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை எல்லாம் 2001 முதல் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ளவை. புலிக்கும் யானைக்கும் தரும் அதே பாதுகாப்பு. அந்த அட்டவணை உயிர்களைப் பிடித்தாலோ விற்றாலோ மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. "இது நம்ம கடல்ல எடுத்தது சார், சீப்பா தர்றேன்" என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

நம் மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக வெட்டி எடுக்கப்பட்டவை. 2010, 2016 போன்ற ஆண்டுகளில் கடல் சூடேறியதால் வெளுத்துப்போய்த் தவித்தவை. அவற்றிலிருந்து ஒரு கிள்ளு எடுத்து ஹாலில் வைப்பதில் என்ன பெருமை? எங்கள் தொட்டியில் கல் பவளம் இல்லை. இருக்கிற மென்பாலிப்களையே ஒரு வருடமாகப் படம் எடுக்கிறோம். இன்னும் தீரவில்லை.

கடைசியாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை பதினொரு மணிக்கு, அதே இடத்திலிருந்து, அதே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைக்கிறோம். வரிசையாகப் பார்த்தால் எது வளர்ந்தது, எது சுருங்கியது என்பது தெரிந்துவிடும். சோதனைக் குப்பிகள் தண்ணீரைப் பற்றித்தான் சொல்லும். உயிர்களைப் பற்றிச் சொல்வது அந்தப் படங்கள்.

போன ஞாயிறு மனைவி எண்ணிப் பார்த்தார். ஐம்பத்தி மூன்று பூக்கள். "நாற்பதாயிரம் போட்டிருந்தா இன்னும் நாலு வந்திருக்குமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு கேமராவைத் தானே வாங்கி, டிரைபாடில் மாட்டினார்.

"மோட்டாரை நிறுத்துறேன். அலாரம் வெச்சாச்சா?"